பக்கத்து வீட்டு முற்றத்தின் அடியில்

போன மழையில் சாக்கடை எங்கள் வீட்டுக்குள் திரும்பி வந்தது. குளியலறையில் ஏறி, அப்பாவின் அறைக்குள் நுழைந்து, கட்டில் கால்களை நனைத்துக்கொண்டு நின்றது. எழுந்து நடக்க முடியாத அப்பா, "விருந்தாளி வந்திருக்காருடா, உக்காரச் சொல்லு" என்றார். சிரித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றினேன்.

இந்த வருஷம் மழைக்கு முன்பே, தெருவின் பழைய குழாய்களைச் சோதிக்க ஆட்கள் வந்தார்கள். எங்கள் வரிசைக்குக் குழாய் பின்பக்கமாக, வீடுகளுக்கு அடியிலேயே ஓடுகிறது. சக்கரம் வைத்த சின்னக் கேமராவை இறக்கினார்கள். திரையில் ஈரச் செங்கல், கறுப்புத் தண்ணீர், தலைமயிர்போலத் தொங்கும் வேர்கள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வீடும், மீன் ஏலம் எடுக்கும் வீடும், என் வீடும் கழுவிக் கொட்டியதெல்லாம் அங்கே ஒரே நிறம். மேலே முகம் பார்க்காதவர்களும் கீழே கலந்துதான் கிடக்கிறோம்.

பக்கத்து வீட்டுக்கு அடியில் கேமரா நின்றது.

"வேர் அடைச்சிருக்கு சார். இங்க மேல ஒரு சாக்கடை மூடி இருக்கணுமே? அதத் தொறந்து வெட்டுனாத்தான் பழைய குழாய்க்குள்ள புது உறை இழுக்க முடியும். இல்லன்னா உங்க பக்கத்த விட்டுட்டுத்தான் போவணும்" என்றார் பொறியாளர்.

"மழை வந்தா?"

"பழைய கதைதாங்க."

அந்த வீட்டு அக்கா பாரிஸில். சாவி எங்களிடம்; வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது என் மனைவி. தன் மகன் கல்யாணத்தை இங்கே வைக்க, அக்கா போனிலேயே கொத்தனாரை விரட்டி முற்றத்துக்கு டைல்ஸ் போட்டிருந்தார். மூடி அசிங்கமாக இருக்கிறதென்று அதன் மேலேயே பதித்தாயிற்று. சாவி கையில் கனத்தது. கேட்காமல் உடைக்க மனசு வரவில்லை. கூப்பிட்டேன். அங்கே இன்னும் விடியவில்லை.

"யாரு போயிட்டாங்க?" ஊரிலிருந்து அந்நேரத்துக்குப் போன் வந்தால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அது ஒன்றுதான் அர்த்தம்.

"யாரும் போகலக்கா. சாக்கடை."

"சாக்கடைக்கா தம்பி எழுப்புன? எனக்கு உசுரே போயிடுச்சு!"

வீடியோவில் திரையைக் காட்டினேன்.

"இதென்ன, குகையா?"

"உங்க முத்தத்துக்கு அடியிலக்கா. டைல்ஸ ஒடைக்கணும்."

"கல்யாணத்துக்குன்னு பாத்துப் பாத்துப் போட்டதுடா. வேற வழியே இல்லியா?"

"இல்லக்கா."

"அப்பா கட்டில் எங்க கெடக்கு?"

"உங்க சுவத்த ஒட்டித்தான்."

"ஒடைங்க. இனிமே மூடிய மறைக்க வேணாம், அது மேல கோலம் போட்டுக்கலாம். சம்பந்தியம்மா நாற்காலிய மட்டும் தள்ளிப் போடு. அவங்களுக்கு மூக்கு நீளம்."

வேரை வெட்டினார்கள். உறையும் ஏறியது.

முதல் பெருமழையன்று குளியலறை வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அப்பா கையைத் தொங்கவிட்டுத் தரையைத் தடவினார். விரல்களை உரசிப் பார்த்தார்.

"என்னடா, விருந்தாளியக் காணும்?"

"வர மாட்டாருப்பா."

"அப்ப நீ உக்காரு."

உட்கார்ந்தேன்.