பதினாலாம் வளைவில் இன்னொரு கை

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கொன்றும் நஷ்டமில்லை. சந்தேகமிருந்தால் சாயந்திரம் நாலரை மணிக்கு ஏற்காடு மலைப்பாதையில் நின்று பாருங்கள். ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்றிக்கொண்டு ஒரு பெண் சிவப்பு காரில் இறங்குவாள். அவள்தான் கிளியூர் ரூபி. இது அவளுக்கு நடந்தது.

ரூபிக்கு இடது கை முழங்கையோடு சரி. பத்து வயதில் எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரிக்கும் மெஷின் இழுத்துக்கொண்டது. அதனால்தான் ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாகத் தேடி, சேலத்தில் பழைய கார் விற்கும் கம்பெனி ஒன்றில் வாங்கினாள். ‘ஒரே ஓனர், ஆக்சிடெண்டே ஆகாத வண்டி, ஆறு மாச வாரண்டி’ என்றார்கள். அந்த வண்டி ஓடினால்தான் சேலத்தில் அவளுக்கு மாலை ஷிப்ட் வேலை. நின்றால் வேலையும் போச்சு.

ஐந்தாம் மாதம் கோளாறு ஆரம்பித்தது. இறக்கத்தில் பதினாலாவது கொண்டை ஊசி வளைவு வந்ததும் கியர் தானாக நியூட்ரலுக்குப் போகும். வண்டி கட்டுக்கடங்காமல் உருளும். மணி எப்போதும் 4.42. மூன்று தடவை கம்பெனியில் விட்டாள். சமதளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. “உங்க இடது கை தெரியாம லீவர்ல பட்டிருக்கும் மேடம்.”

ரூபிக்கு வந்ததே கோபம்! முழங்கைக்குக் கீழே காலியாகத் தொங்கிய சட்டைக் கையைத் தூக்கி அவர் மேஜைமேல் போட்டாள்.

“எந்தக் கைங்க?”

மனுஷன் அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

“நாளையோட வாரண்டி முடியுது. உங்க ஆள என்கூட மலைக்கு அனுப்புங்க. இல்லீன்னா இங்கயே உக்காந்துக்குவேன்.”

மறுநாள் மெக்கானிக் மாதேஷ் வந்தான். கியரைச் சோதிக்கும் கம்ப்யூட்டரை மடியில் வைத்து, வண்டியோடு ஒயரை இணைத்துக்கொண்டான். 4.30-க்கு ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கைத் தாண்டினார்கள். வெளியே மூடுபனி.

4.39. மாதேஷ் மூக்கை உறிஞ்சினான்.

“தைலம் தேச்சிருக்கீங்களா மேடம்?”

“இல்லீங்களே.”

“நொம்ப வாசம் அடிக்குதுங்க...”

4.42. பதினாலாவது வளைவு.

டக்.

லீவர் நியூட்ரலுக்கு நகர்ந்தது. மாதேஷின் இரண்டு கையும் கம்ப்யூட்டரில். ரூபியின் ஒரே கை ஸ்டீயரிங்கில்.

“என்னங்க காட்டுது?”

“கியர்ல கோளாறே இல்லீங்க... லீவர யாரோ தள்ளியிருக்காங்கன்னு...”

பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. ஸ்டீயரிங்கை விட்டு, லீவரில் கை வைத்தாள்.

பிளாஸ்டிக் இல்லை.

சில்லென்று... விரல்கள். ஒன்றில் தடித்த மோதிரம்.

வேறு யாராக இருந்தாலும் கதவைத் திறந்து ஓடியிருப்பார்கள். ரூபி பல்லைக் கடித்தாள்.

“ஏனுங்க, மரியாதையா கைய எடுங்க. இது என் வண்டி.”

பிடி இறுகியது.

“எடுங்கன்னு சொல்றேன்ல!”

அந்தக் கையோடு சேர்த்தே தள்ளினாள்.

டக்.

விட்டது.

அன்றைக்கே கம்பெனியில் லீவர் மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு தங்க மோதிரம் விழுந்தது. மாதேஷுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “இதுதாங்க மேடம் சிக்கிக்கிட்டு லீவரத் தள்ளியிருக்கு!” ரூபிக்கும் அதை நம்பிவிட ஆசைதான். மேனேஜர் மறுபேச்சுப் பேசாமல் வாரண்டியிலேயே புது லீவர் போட்டுக் கொடுத்தார்.

மோதிரத்தின் உள்பக்கம் ‘தெரசா’ என்றிருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் பழைய ஓனர் பெயர் அருள்சாமி. ஒண்டிக்கடையில் விசாரித்து அவர் ஊட்டுக்காரி தெரசம்மாளைக் கண்டுபிடித்தாள் ரூபி.

“பெட்ரோல் மிச்சம்னு எறக்கத்துல எப்பவும் நியூட்ரல் போட்டுருவாரு கண்ணு” என்றாள் தெரசம்மாள். “அன்னிக்கு சாயந்தரம் நாலரைக்கு நெஞ்சு வலிக்குதுன்னு தைலத்தத் தேச்சுக்கிட்டு, தனியா சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கெளம்புனாரு. பதினாலாவது வளைவுல வண்டி ஓரமா நின்னுச்சு. ஒரு கீறல் இல்ல. அவரு கை லீவரப் புடிச்சபடியே...”

ரூபி மோதிரத்தை நீட்டினாள். “வண்டிக்குள்ள கெடந்துச்சுங்க.”

தெரசம்மாள் அதைத் தொடவில்லை. இரண்டடி பின்னால் போனாள்.

“இது எப்புடி கண்ணு... வெரலு வீங்கிக் கழட்ட முடியாம, மோதிரத்தோடதான அவரப் பொதச்சோம்?”