வளைவில் நட்ட கல்

ஜம்புலிங்கம் என்கிற பேரை நான் முதலில் கேட்டது என் கல்யாணத்துக்கு மறுநாள். விருந்துக்கு வராத சொந்தக்காரர்களை மாமியார் ஒவ்வொருத்தராகச் சொல்லிக்கொண்டே வந்து, "என் அண்ணன் மகன் ஜம்புலிங்கம் ரோட்டை உட்டு வரமாட்டான், அதத்தான் கட்டிகினு கீறான்" என்று திட்டினாள். என் வீட்டுக்காரருக்கு மாமன் மகன். எனக்கு அண்ணன் முறை. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ரோட்டுக்குக் கப்பிக்கல் போடும் கூலி.

அவருக்கு ஒரே பொண்ணு, நாகவல்லி. தாயில்லாதவள். என்னோடுதான் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்கு நடப்பாள். யுத்தம் வந்து ஆவடியில் பட்டாளம் இறங்கினபிறகு லாரிகளுக்குக் குறைவில்லை. திருவேற்காட்டுப் பாதை பிரிகிற வளைவில் ஓரத்து மண்ணில் ஏறித்தான் திரும்பும். நாங்கள் நடப்பதும் அந்த மண்ணில்தான். முட்டை விற்கிற பஷீருதீன் பாய் அங்கே லாரிக்கு ஒதுங்கப் போய் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து ஒரு கூடை முட்டையும் போச்சு.

நடக்கிறவர்களுக்கு ஓரமாக ஒரு பாதை வேணும் என்று அண்ணன் ஓவர்சீயரைக் கேட்டார்.

"யுத்தம் நடந்துகினு கீது, உன் பொண்ணுக்குத் தனி ரோடு கேக்கிறியா? பல்லக்கு அனுப்பட்டுமா?"

அண்ணன் ராத்திரியோடு ராத்திரியாகத் தானே ஒரு இடுப்பளவுக் கல்லை வளைவு ஓரத்தில் நட்டார். லாரி இனி மண்ணில் ஏறாது. ஓவர்சீயர் பிடுங்கச் சொல்லிவிடக் கூடாதே என்று, ரோட்டைப் பார்த்த பக்கத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். அப்புறம் எந்தக் கூலி அதில் கை வைப்பான்? ஓவர்சீயரே செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுப் போனார். வெளியே தெரிந்தால் கல் போய்விடும் என்று யாரிடமும் நிஜத்தைச் சொல்லவில்லை.

நாலு மாசம் ஒருத்தருக்கும் அடிபடவில்லை. கல்லுக்கு வளைவம்மா என்று பேராச்சு. சாமி முகம் ரோட்டுப் பக்கம். அதனால் ரோட்டில் இறங்கி நின்றுதான் கும்பிடணும். "நிக்காதீங்க, போங்க" என்று அண்ணன் விரட்டுவார்.

"இன்னா அண்ணாத்தே, சாமிக்கு நீ வாசல் காக்கிற தர்வானா?" என்று பூக்காரி தாயம்மா சிரிப்பாள்.

பொண்ணிடம் மட்டுமாவது சொல்லிவிடலாம் என்று இருந்தாராம். அவள் வாய் நிற்காது என்று விட்டுவிட்டார்.

ஆடி வெள்ளிக்கிழமை, வெயில் ஏறின நேரம். விற்காமல் மிஞ்சின ஒரு முழம் கதம்பத்தைக் கல்லுக்குச் சுற்றிவிட்டு, நாகவல்லி ரோட்டில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் பத்தடி முன்னே போய்விட்டிருந்தேன். "வாடி" என்று திரும்பினேன். லாரி கல்லுக்கு ஒதுங்கித்தான் வந்தது. ஒதுங்கின இடத்தில்தான் அவள் நின்றிருந்தாள்.

அண்ணன் கடப்பாரையோடு ஓடிவந்தார். "சாமியில்ல இது! நான் நட்ட கல்லு! நான்தான் மஞ்சா பூசினேன்!"

யாரும் நம்பவில்லை. துக்கத்தில் பேசுகிறார் என்று பிடித்துக் கட்டிவைத்தார்கள். வளைவம்மா கன்னிப்பொண்ணைத் தன்னிடம் அழைத்துக்கொண்டாள் என்று பேச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை கும்பிட வந்த கூட்டம் ரோட்டை அடைத்து நின்றது. அந்த மாசத்திலேயே இன்னும் ரெண்டு பேர் லாரியில் அடிபட்டுச் செத்தார்கள்.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகிறது. ஜம்புலிங்கம் அண்ணன் மண்ணூர்பேட்டையில் தம்பி வீட்டில் இருக்கிறார். ரோட்டுக்கு வருவதில்லை.