பழைய டிஸ்க்கில் இருந்த மகள்

மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போன அன்று, அவள் படங்களையெல்லாம் என் கணவர் கிழித்துப் போட்டார். கம்ப்யூட்டரில் இருந்தவை மட்டும் தப்பின. அவள் போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. அவர் வயலுக்குப் போனதும் அந்தப் படங்களைப் பார்க்க உட்காருவேன். ஆனால் கம்ப்யூட்டர் திறப்பதற்குள் அவர் திரும்பிவிடுவார்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் வேகமாகும் என்றார்கள். சிபியுவைப் பாகூரில் உள்ள கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிப்போனேன். படங்கள் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கை அவர்களே எடுத்துக்கொள்வார்களாம்.

"இதுல எடுத்து வைக்க எதுனா இருக்காக்கா? போட்டோ கீட்டோ?" என்று கடைக்காரர் கேட்டார்.

செல்போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்திருந்த எங்கள் தெருக்காரர் சிரித்தார். "அவங்க வூட்ல இன்னும் யாரு போட்டோபா இருக்கப் போவுது?"

"ஒண்ணுமில்லபா" என்று சொல்லிவிட்டேன். தெருக்காரர் போனதும் உண்மையைச் சொல்லலாம் என்று நின்றேன். அவர் போகவேயில்லை. வேலை முடிந்து, என் பஸ்ஸும் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் கடைக்கு ஓடினேன்.

"நேத்தே எல்லாத்தையும் அழிச்சு வேற ஆளுக்குப் போட்டுக் குடுத்துட்டேன். கேட்டனேக்கா, நீதான ஒண்ணுமில்லன்ன?"

இப்போது கம்ப்யூட்டர் கண் இமைப்பதற்குள் திறக்கிறது. கணவராவது கோபத்தில் கிழித்தார். நான் ஒரு தெருக்காரரின் சிரிப்புக்குக் கூசி, பெற்ற மகளையே இல்லையென்று சொன்னேன்.