ஸ்டெல்லாவின் இருமல்

போன செவ்வாய்க்கிழமை நெய்யாற்றின்கரையில் ஒரு நெஞ்சு டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். நோயாளி நானில்லை – என் சிநேகிதி ஸ்டெல்லா. ஸ்கேன் ரிப்போர்ட் உள்ளே போய்விட்டது. எங்களை இன்னும் கூப்பிடவில்லை. கல்லூரியில் பக்கத்து பெஞ்சில் இருந்த நாளிலிருந்து வாய் மூடாதவள், அன்று கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஸ்டெல்லா ஓவியர். வெள்ளறடை போகிற ரோட்டில் வீடு. சுற்றிலும் ரப்பர். மழைக்காலத்தில், பால் வெட்டுகிற இடம் நனையாமலிருக்க, அந்த மரங்களின் இடுப்பில் கறுப்பு பிளாஸ்டிக்கைப் பாவாடை மாதிரி கட்டி வைப்பார்கள் இல்லையா... அதைத்தான் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தாள். திருவனந்தபுரம், கொச்சி என்று கண்காட்சிகள் நடந்தன. ரப்பர் மரத்தில் என்ன அழகு என்று கேட்டவர்களே நின்று பார்த்தார்கள்.

அப்புறம் இருமல் வந்தது. வண்ணம் கரைக்கிற டர்பன்டைன் பாட்டிலைத் திறந்தாலே இருமல். டாக்டரிடம் போனாளா? இல்லை. தானே முடிவு கட்டினாள் – டர்பன்டைன் நெஞ்சைப் பிடித்துவிட்டது என்று. ட்யூப், பிரஷ் எல்லாவற்றையும் யாருக்கோ தூக்கிக் கொடுத்தாள். ஒரு வருடம் எதையும் தொடவில்லை. அந்த வருடம் அவளுக்குப் போன் பண்ணவே எனக்குப் பயம்.

யாரோ வற்புறுத்தி ஒரு செராமிக் பயிலரங்குக்கு இழுத்துப் போனார்கள். மண்ணில் கையை வைத்தவள்தான்... எடுக்கவில்லை. கணவர் ஜெயராஜ் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, கரண்டில் ஓடும் ஒரு சூளையும் வாங்கி வைத்தார். இந்த வேலையில் ஒரு கஷ்டம் உண்டு. மண்ணின் மேல் வண்ணம் பூசும்போது எல்லாம் சாம்பல் நிறம்தான். எது பச்சை, எது நீலம் என்று சூளை திறந்தால்தான் தெரியும். நிறத்தைக் கண்ணால் பார்த்தே பழகிய ஓவியருக்கு அது எப்படி இருந்திருக்கும்? எத்தனையோ தட்டுகள் வெடித்தன. அப்புறம் மெல்ல மெல்ல, அவளுடைய ரப்பர் மரங்கள் ஓடுகளில் முளைத்தன. இந்த வருடம் கொச்சியில் ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்கு, சுவர் முழுக்க ஓடு ஓவியம் செய்யச் சொல்லிக் கேட்டார்கள்.

சரியாக அப்போது பழைய இருமல் திரும்பி வந்தது.

மண் தூசியில் சிலிக்கா உண்டு, அது நுரையீரலில் போய் உட்கார்ந்தால் இறங்காது என்று மொபைலில் படித்திருக்கிறாள். ஜெயராஜிடம் மூச்சு விடவில்லை. பாறசாலை ரயில் நிலையத்தில் வைத்து என்னிடம்தான் சொன்னாள்.

"பெயிண்ட் போச்சு மக்கா. இனி மண்ணும் போனா எனக்கு வேற என்ன உண்டு?"

கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு வந்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் இளம்பெண். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே, "பேடிக்கண்ட சேச்சி" என்றார். பயப்படாதீங்க அக்கா! நுரையீரல் சுத்தமாக இருக்கிறதாம். பிறகு கேள்விகள். இருமல் எப்போது வரும்? எழுந்ததும் என்ன குடிப்பீர்கள்? வெறும் வயிற்றில் பால் விடாத கட்டன் சாயா, வேலைக்கு நடுவில் மறுபடியும் கட்டன் சாயா, மதியம் நேரம் தப்பி மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும், சாப்பிட்ட கையோடு படுக்கை – ஸ்டெல்லா ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டாள். வயிற்று அமிலம் தொண்டைக்கு ஏறுகிறது, அதுதான் இருமல் என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். சாப்பாட்டு நேரத்தை மாற்றச் சொன்னார். மண்வேலையில் மாஸ்க்கை விடக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

ஸ்டெல்லா எழுந்திருக்கவில்லை. அந்தக் காலத்து இருமலும் இதுதானா என்று மெதுவாகக் கேட்டாள். இருக்கலாம், இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். டர்பன்டைன் வாடை கொஞ்சம் தூண்டியிருக்கலாம். ஜன்னலைத் திறந்து வைத்து வரைந்து பாருங்கள் என்றார்.

போன வருடங்களை நினைத்து அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ சிரித்தாள்.

"அப்ப நான் மண்ணுக்குப் போனதே கட்டன் சாயாவாலயாக்கும்."

வெளியே வந்ததும் ஜெயராஜுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தப் பக்கம் ஜெயராஜ் சொன்னது எனக்கும் கேட்டது.

"எனக்குத் தெரியும்டி. அடுத்த கட்டில்ல கிடந்து நீ இருமுறது எனக்குக் கேக்காதா? நீயாட்டு சொல்லட்டும்னு இருந்தேன்."

இப்போதுதான் அழுதாள். ரோட்டோரத்தில், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்க்க. நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். இருவருக்கும் அப்படியொரு நிம்மதி.

நேற்று போன் செய்தாள். நூலகத்து ஓடுகள் ஷெட்டில் காய்கின்றன. முன்னறையில், ஜன்னலை ஒட்டி, புது கேன்வாஸ் நிற்கிறதாம். இனி ரெண்டும் உண்டு என்றாள்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நோய் நம்மைப் படுத்துவதைவிட, அதன் பெயர் தெரிந்துவிடுமோ என்ற பயம் அதிகம் படுத்துகிறது. தெரியாமல் இருக்கும்வரை அது எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வளரும் – நாமே தீனி போடுகிறோமே!

சரி, சொல்லிவிடுகிறேன்... எனக்கும் ரொம்ப நாளாக இடது முழங்காலில் ஒரு வலி. வியாழக்கிழமைக்கு டோக்கன் வாங்கியாயிற்று.