கடைசி வரிசையில் இல்லாதவர்

கருஞ்சிவப்பு அட்டை, பொன்னிற எழுத்து. அக்ரஹாரத்து அச்சகத்திலிருந்து அன்று காலையில்தான் வந்திருந்தது. கட்டைப் பிரித்ததும் மையின் வாசனை அறையெங்கும் பரவியது. அவர் ஓர் அழைப்பிதழை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பாராட்டுக்காக நான் காத்திருந்தேன். "நல்லாத்தான் இருக்குதுங்க்கா," என்றார். "இதப் பாடப்போறவங்ககிட்ட ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க. வாசிச்சு முடிச்சதும் அவங்க மொதல்ல என்ன கேக்கறாங்களோ, அத மட்டும் எங்கிட்ட வந்து சொல்லுங்க."

அவர் என் வழிகாட்டி. என்னைவிடப் பதினாறு வயது இளையவர். மைசூரின் குடியிருப்புகளிலும் தெருக்களிலும் கலை நிகழ்ச்சி நடத்தப் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கென்று ஆறு மாதப் பயிற்சி ஒன்று நடந்தது. ஆளுக்கொரு வழிகாட்டி. விண்ணப்பத்தில் 'வளரும் அமைப்பாளர்' என்றிருந்ததைப் பார்த்துவிட்டு என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏனம்மா இது, தெனம் முட்டிக்குத் தைலம் தேச்சுக்கறே, இன்னுமா வளர்றே?" நான் அவளை அதட்டவில்லை. எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் யாருக்கும் காட்டாத வரிகளைக் கிறுக்கிக்கொண்டிருந்த ஒருத்திக்கு நாற்பத்தேழு வயதில் என்ன வளர்ச்சி! ஆனால் கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்றது. காரணம் என் எதிர்வீட்டு அக்கா.

அக்கா தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர். கட்டட வேலை. எங்கள் காலனியில் பாதிப்பேருக்கு அதுதான். சாந்துச் சட்டி சுமந்து மாடியேறும்போதே பாட்டுக் கட்டுவார். சிமெண்ட் கலக்கும் இயந்திரத்தின் மேல் ஒரு பாட்டு, மதியச் சோற்றின் மேல் ஒன்று, மேஸ்திரியைக் கிண்டல் செய்து ஒன்று. சாயங்காலம் குளித்துவிட்டு வாசலில் நின்று ஈரத்தலையை உதறிக்கொண்டே அவற்றைப் பாடுவார். அவரோடு வேலைக்குப் போகும் ஐந்து பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். கதவுக்குப் பின்னால் நின்று பதினோரு வருடம் கேட்டிருக்கிறேன். ஒரே ஒருமுறை அந்தக் குரலை மேடையில், மைக்கில், காலனி முழுதும் கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

வழிகாட்டியை நான் 'மேடம்' என்று கூப்பிட்டேன். அவருக்குப் பிடிக்காது. "மேடமுன்னு கூப்பிட்டா யாரையோ கூப்பிடறீங்கன்னு திரும்பிப் பாக்கறனுங்க்கா," என்பார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூரில் விவசாயக் குடும்பம். அவருடைய பேச்சில் அந்தப் பக்கத்துத் தமிழும் மைசூர்க் கன்னடமும் ஒரே தட்டில் பரிமாறியதுபோல் இருக்கும். பாடம் என்று எதையும் சொல்லித்தந்ததாக நினைவில்லை. நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு, அதே கிழமை, அதே நேரத்தில் அந்த இடத்தில் போய் உட்கார வேண்டும் என்பது அவருடைய வழக்கம். காலனிப் பூங்காவில் கடைசி வரிசை வரப்போகும் இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு ஞாயிறு மாலை உட்கார்ந்தோம். ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. காலனியே குடத்தோடு ஓடியது. "அதோ போறாங்க பாருங்க, உங்க கூட்டம் மொத்தமும்," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே நிகழ்ச்சியை ஆறரைக்கு மாற்றினேன்.

அன்று அவர் ஒரு வாக்கும் கொடுத்தார். "நான் மேடைக்கு வர மாட்டனுங்க்கா. இங்கதான், இந்தக் கடைசி நாற்காலில உக்காந்திருப்பேன். உங்களுக்கு பயமா இருந்தா நிமிந்து பாருங்க, நான் தெரிவேன்."

அழைப்பிதழோடு எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். நான் கம்பீரமாக வாசித்தேன். முதலில் தலைமை விருந்தினராக, பந்தல் செலவை ஏற்ற கட்டடக் கண்ட்ராக்டர், பிறகு திறப்பாளர், தலைவர், சங்கச் செயலாளர் என்று ஒன்பது பெயர். எங்கள் ஊரில் ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு குடும்பமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பதால் ஒன்றையும் விடவில்லை. அக்கா கையில் நாரோடு கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கேட்டார்: "எங்க பேரு எங்க வருது?"

கடைசி வரியில் வந்திருந்தது. 'மற்றும் காலனி மகளிர் குழுவினர்.'

"கட்டடத்துலதான் கல்லு வெச்சு அவங்க பேரப் போட்டுக்குவாங்க. பாட்டுலயுமா?" அக்கா கோபப்படவில்லை, அதுதான் சுட்டது. குழாயைத் திறந்து பாத்திரத்தை அலசினார். "நான் வரல, போம்மா."

மேடத்திடம் போய் அக்கா கேட்டதைச் சொன்னேன். அவர் திட்டவும் இல்லை, வழி சொல்லவும் இல்லை. "என் மொத நிகழ்ச்சில தபேலா வாசிச்சவரு பேரு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க்கா," என்றார். அவ்வளவுதான்.

இருநூறு அட்டைகளிலும் ஆறு பெண்களின் பெயரைக் கையால் எழுதுவதென்று முடிவெடுத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், எதிர்வீட்டு அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது என்பதே தெரிந்தது. பதினோரு வருடம்! சர்க்கரை கடன் வாங்கியிருக்கிறேன், காய்ச்சலில் கஞ்சி வாங்கிக் குடித்திருக்கிறேன். போய்க் கேட்டேன். வேறெங்கோ பார்த்துக்கொண்டு தன் பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை, அது அவருடையது. எழுதின அட்டையை நீட்டியதும் ஈரக்கையைத் துடைத்து வாங்கி, எழுத்தின் மேல் விரலை வைத்தார். "இதா நானு?" பிறகு சொன்னார்: "வர்றேன். ஆனா மேஸ்திரி பாட்டுதான் பாடுவேன்."

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த வருடம் அக்கா வேலை செய்த கட்டடமே அந்தக் கண்ட்ராக்டருடையதுதான்.

ஞாயிறு மாலை பூங்கா நிறைந்தது. முன்வரிசையில் வெள்ளைத் துண்டு விரித்த சோபா மட்டும் காலி. எங்கள் பக்கத்தில் தலைமை விருந்தினர் வந்து விளக்கேற்றாமல் எதுவும் தொடங்காது, அவருக்குப் பேட்டா என்கிற மைசூர்த் தலைப்பாகை கட்டி மாலை போட்ட பிறகுதான் மற்றதெல்லாம். ஆறே முக்காலுக்குக் கண்ட்ராக்டருக்கு ஃபோன் செய்தேன். "பந்தே, பந்தே," இதோ வந்துவிட்டேன் என்று கன்னடத்தில் சொன்னார். ஏழானது. அக்கா அந்தச் சோபாவையே பார்த்துக்கொண்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துச் சிவக்க வைத்திருந்தார். "அவரு வந்து முன்னால உக்காந்துட்டா எனக்குத் தொண்ட அடைச்சுக்கும்மா. சாமி பாட்டு ஒண்ணு பாடிட்டுப் போயிடறேன்."

பயந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். கடைசி நாற்காலியில் மேடத்தின் கைப்பை மட்டும் இருந்தது.

அந்த நொடியின் கோபம் இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது. மைக்கை எடுத்தேன். விளக்கேற்றவில்லை, வரவேற்கவில்லை. அக்காவின் பெயரை, அவர் அப்பா பெயரோடு, ஊரோடு, மூன்றையும் முழுதாகச் சொல்லி மேடைக்கு அழைத்தேன். கூட்டத்தில் பாதி அது யார் என்று தேடியது. அக்கா ஒருகணம் தானும் தேடுவதுபோல நின்றார். பிறகு படியேறினார்.

*மூணாவது மாடிக்கு மூட்ட தூக்கிப் போனேனே,*
*மேஸ்திரி வாட்சு மட்டும் முந்தி முந்தி ஓடுதே...*

முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாவது வரியில் பூங்கா சிரித்தது. மூன்றாவதில் பின்னால் நின்ற பெண்கள் தாமாகவே சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். இருக்கிற சரணமெல்லாம் பாடினார், இல்லாத ஒன்றையும் அங்கேயே கட்டிப் பாடினார். கைத்தட்டல் ஓய்கிறபோது கண்ட்ராக்டர் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார். விளக்கேற்றினார், பேட்டா கட்டிக்கொண்டார், நன்றாகவே பேசினார்.

எல்லாம் முடிந்ததும், "எங்க போயிட்டீங்க?" என்று மேடத்திடம் வெடித்தேன். "டீ குடிக்கப் போனனுங்க்கா," என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போய்விட்டார்.

பயிற்சியின் முடிவில் ஒரு படிவம் தந்தார்கள். 'தேவையான நேரத்தில் வழிகாட்டி உடனிருந்தாரா?' இல்லை என்று எழுதினேன். அதோடு நிறுத்தாமல் கீழே காலியாக இருந்த மூன்று வரிகளையும் நிரப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள், காலனி முனை டீக்கடைக்காரர் சில்லறை கொடுக்கும்போது சொன்னார். "அன்னிக்கு உங்க மேடம் கண்ட்ராக்டர இங்க உக்கார வெச்சாங்களே, அப்பா! கார விட்டு எறங்கினவர, நீங்க கட்டின மொத வீடு எதுங்க சார்னு ஒரு கேள்வி. மனுசன் ஈர விரலால மேசைலயே பிளான் வரைஞ்சுட்டாரு. ரெண்டாவது டீ, மூணாவது டீ. பாட்டுச் சத்தம் நின்ன பொறவுதான் அவர எந்திரிக்க விட்டாங்க."

அங்கேயே நின்று அவருக்கு ஃபோன் செய்தேன். ஊருக்கே போய்விட்டிருந்தார், பின்னால் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஆரம்பிக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "நாலாவது டீ சொல்லியிருப்பனுங்க்கா."

"ஏன் மேடம் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நாந்தான் நடத்தி வெச்சேன்னு ஆயிப்போகும். நீங்கதான கூப்பிட்டீங்க அவங்கள?"

"அந்தப் படிவம்..."

"படிச்சேன், படிச்சேன். சரியாத்தான எழுதியிருந்தீங்க. உடனிருந்தாரான்னு கேட்டாங்க. நான் அங்க இல்லீங்களே!" அந்தச் சிரிப்பில் குறை எதுவும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

இப்போது வேறு காலனிகளிலிருந்து அக்காவைப் பாடக் கூப்பிடுகிறார்கள். அட்டையில் பெயர் அச்சாகியே வருகிறது. நானும் நாலைந்து மாலைகளை நடத்திவிட்டேன். படிவத்தைத் திருத்தித் தரலாமா என்று பயிற்சி நடத்தியவர்களிடம் போய்க் கேட்டேன். அந்த அணியின் கோப்பு மூடியாயிற்று, இனி ஒன்றும் சேர்க்க முடியாது என்றார்கள். சேர்க்க வேண்டியதை எழுத எனக்கு இந்தப் பக்கத்தை விட்டால் வேறு இடமில்லை.

தேவையான நேரத்தில் வழிகாட்டி உடனிருந்தாரா?

இருந்தார். இருநூறு அடி தள்ளி, மூன்றாவது டீக்குச் சொல்லிக்கொண்டு.