"மறுகா" என்று கேட்டவன்

என் சிநேகிதனைப் பற்றிப் படம் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. அவன் செத்து மூன்று வருடம். பாடகன் என்று மட்டக்களப்பு முழுக்க அவனைத் தெரியும். அவன் பாடிய மேடைகளில் எல்லாம் பக்கத்தில் இருந்து ஆர்மோனியம் வாசித்தவன் நான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இருக்கும்போது மாலையும் அவனுக்கு, செத்த பிறகு படமும் அவனுக்கு.

படம் எடுக்கும் தம்பி குருக்கள்மடத்தில் என் வீட்டுக்கு வந்தான். "அங்கிள், அவர்ட பழக்கம் ஏதும் சொல்லுங்க. பாட்டு எல்லாருக்கும் தெரியும். ஆளைத்தான் தெரியாது."

நான் யோசித்துத்தான் சொன்னேன். பல்லவியைப் பாடி நிறுத்தியதும் அவன் என் பக்கம் திரும்பி "மறுகா?" என்பான். பிறகு என்ன என்று கேட்கிறான். உடனே நான் வாசிக்கத் தொடங்குவேன். இதைக் காட்டுவதென்றால் என்னையும் காட்டத்தானே வேண்டும்.

தம்பி அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டான். நடிக்க வந்த கொழும்புப் பொடியனுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. "மருகா" என்று முருகனைக் கூப்பிட்டான். இரண்டு நாள் கூட இருந்து நானே திருத்தினேன்.

படத்தை நகர மண்டபத்தில் காட்டினார்கள். வாவிக்கரையில் அவன் தனியாக இருக்கிறான். பல்லவியைப் பாடி நிறுத்துகிறான். தண்ணீரைப் பார்த்து "மறுகா?" என்கிறான். பிறகு தானே ஆர்மோனியத்தை இழுத்து வைத்து வாசிக்கிறான். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையைக்கூட ஒழுங்காக அமுக்கத் தெரியாதவன் அவன். சனம் கை தட்டியது.

தம்பியை வாசலில் பிடித்துக் கேட்டேன். "ரெண்டு பேரை வெச்சா ஆர்ட கதை எண்டு சனம் குழம்பும், அங்கிள்" என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

சிநேகிதனின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உங்களை ஏன் காட்டவில்லை என்று அவளாவது கேட்பாள் என நின்றேன்.

"அண்ணன், அந்த மறுகா அப்படியே அவர்தான்" என்றாள். "வீட்டிலயும் அப்பிடித்தானே. சோத்தைப் போட்டா, கறி ஊத்த முதல் என்ட முகத்தைப் பாத்து மறுகா எண்டு கேப்பார்."

"ஓம்" என்றேன். படத்தில் நான் இல்லாமல் போனதைக்கூடப் பொறுத்திருப்பேன். நாற்பது வருடமாக அந்தச் சொல்லை அவன் என்னிடம் மட்டும்தான் கேட்டான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.