ஒயர் இல்லாத சடையன்

என் மச்சான் சடையனைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல பிள்ளை என்பார்கள். வாயே திறக்க மாட்டான், அதனால் நல்ல பிள்ளை. வாயைத் திறக்கிறவன் நான். என் பெயர் வேணு. அவன் அக்கா லோகாம்பாளைக் கட்டிக்கொண்டு, பழவேற்காடு ஏரிக்கரையில் அவர்கள் ஊரிலேயே குடியேறிவிட்டவன். பெண் எடுத்த ஊரில் எனக்குப் பாடு கிடையாது. பாடு என்றால், ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடத்தில் வலை கட்ட முறைவைத்துக் கொடுக்கிற உரிமை. அது அந்த ஊரில் பிறந்த ஆம்பிளைக்குத்தான். சடையனுக்கு முறை வந்தால் அவன் படகில் நானும் கூட்டு. எங்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. ஆகவே அவன் காதைப் பற்றிக் கவலைப்பட எனக்கு முழு உரிமை உண்டு.

மீசை முளைத்த நாளிலிருந்து அந்தக் காதில் ஹெட்செட் தொங்கும். ஒயர் இருந்த காலத்தில் அது எனக்கு ஒரு தொந்தரவே இல்லை. படகில் நான் எதையாவது சொல்லிக்கொண்டு வருவேன், அவன் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருவான். முக்கியமான இடம் வந்தால் ஒயரைப் பிடித்து ஓர் இழுப்பு. இரண்டு காதும் காலியாகிவிடும். “இன்னா மாமா?” என்பான். சொல்லி முடித்ததும் மறுபடி மாட்டிக்கொள்வான். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால் ஒயருக்கு ஏரியில் ஆயுசு இல்லை. வலையோடு சேர்த்துச் சுருட்டிவிடுவான். நண்டு கவ்வி அறுத்துவிடும். உப்புத் தண்ணீர் பட்டு ஒரு பக்கம் ஊமையாகிவிடும். ஒரு தடவை வலையை வீசும்போது ஒயர் அதில் சிக்கி, சட்டைப் பையில் இருந்த போன் வலைக்கு முன்னால் போய்த் தண்ணீரில் விழுந்தது. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பை அவன் இன்னும் மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

புதுப் போன் வாங்கப் பொன்னேரிக்குப் போனான். அந்தப் போனில் ஒயர் செருக ஓட்டையே இல்லையாம். கடைக்காரர் ஒரு குட்டி டப்பாவைத் திறந்து, மொச்சைக் கொட்டை மாதிரி இரண்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். அன்றோடு என் நிம்மதி போயிற்று. வெயிலுக்குத் தலையில் துண்டைக் கட்டிக் காதை மூடிக்கொண்டால், அவன் பாட்டுக் கேட்கிறானா, போனில் பேசுகிறானா, நான் சொல்வதைக் கேட்கிறானா, அந்த அம்மனுக்கே வெளிச்சம். பிடித்து இழுக்கவும் ஒன்றும் இல்லை. ஒரு நாள் திருப்பாலைவனம் பஸ்ஸில் நடந்த சண்டையை ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தேன். “சரி, வச்சிடு” என்றான். எனக்கில்லை, போனில் இருந்தவனுக்கு. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

இப்படி இருக்கையில் பாடு பிரிக்கிற கூட்டம் வந்தது. கோயிலுக்கு முன்னால் ஊரே கூடும். தலைவர் பச்சைமுத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்ன இடம், எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்பார். எடுத்துக்கிறேன் என்றால் அது அவனுக்கு. வேணாம் என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கூட்டத்தில் வாயால் சொன்னது சொன்னதுதான், திரும்பாது. அந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் வருஷா வருஷம் மண்டை உடையும். அதனாலேயே முன்பெல்லாம் யார் காதிலாவது ஒயர் தொங்கினால், முதலில் அதைக் கழற்றச் சொல்லிவிட்டுத்தான் தலைவர் பேச்சை ஆரம்பிப்பார். அன்றைக்கு அவர் கண்ணுக்கு ஒயர் எதுவும் படவில்லை. சடையன் தலையில் துண்டு இருந்தது.

இந்த முறை எங்களுக்கு முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம். அது கிடைத்தால் வருஷம் முழுக்கக் கவலையில்லை. தலைவர் சடையன் பெயரைச் சொல்லி, எடுத்துக்கிறியா என்றார். சடையன் தரையைப் பார்த்தபடி, நிறுத்தி நிதானமாக, ஊருக்கே கேட்கும்படி “வேணாம்” என்றான்.

அடுத்த முறைக்காரன் விஜயராகவன் மூச்சுவிடாமல் நான் எடுத்துக்கிறேன் என்றான். நான் பாய்ந்துபோய்ச் சடையன் தலைத்துண்டை உருவினேன். இரண்டு காதிலும் கொட்டை. இவன் போனில் பேசினான், ஊரிடம் பேசவில்லை என்று தலைவரிடம் மன்றாடினேன். தலைவர் மசியவில்லை. ஒயர் தொங்கியிருந்தால் ஊரே பார்த்திருக்கும், இதை யார் பார்த்தார்கள் என்றார். இதை ஒத்துக்கொண்டால் நாளைக்கு ஆளாளுக்குக் காதில் கொட்டையை வைத்துக்கொண்டு பேச்சை மாற்றுவார்கள் என்றான் விஜயராகவன். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல்.

சடையனுக்கு முகம் செத்துவிட்டது. மீஞ்சூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த பெண்டாட்டி கலைவாணியிடம்தான் பேசினேன் என்றான். அப்படியானால் அவளையே கேட்டுவிடுவோம் என்று நான்தான் யோசனை சொன்னேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். தலைவரும் ஒத்துக்கொண்டார். சடையன் வாய் திறக்கக் கூடாது, அவள் புருஷனிடம் என்ன கேட்டாள் என்று தலைவரே விசாரிப்பார், அதற்கு வேணாம் என்ற பதில் பொருந்தினால் பாடு சடையனுக்கு.

சடையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “விடு மாமா. பாடு போனா போவட்டும்.”

இவனுக்குப் பித்தா என்று திட்டிவிட்டு, போனைப் பிடுங்கி நானே அடித்தேன். அலோ அலோ என்று கத்துகிறேன், ஒரு சத்தமும் இல்லை. அவ எடுக்கல என்கிறான் சடையன். திரையிலோ நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்புறம்தான் விளங்கியது, அவள் குரல் நேராக இவன் காதுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, வேர்த்துக் கொட்டிக்கொண்டு இவன் நிற்கிறான். தலைவர் இரண்டையும் கழற்றி டப்பாவில் போட்டு மூடவைத்து, ஸ்பீக்கரையும் போடச் சொன்னார். இன்னாய்யா பேச மாட்டேன்ற என்று கலைவாணியின் குரல் கோயில் வாசல் முழுக்கக் கேட்டது.

தலைவர் தான் யார் என்று சொல்லி விசாரித்தார். அவள் தயங்கினாள். வேணு அண்ணன் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டாள். ஊரே இருக்குது, சொல்லும்மா என்றார் தலைவர்.

“இந்த வாட்டி பாடு கெடச்சா வேணு அண்ணனையே கூட்டு சேத்துக்கப் போறியானு கேட்டேன். வேணாம்னாரு. படகுல ஏறினா எறங்கற வரைக்கும் அண்ணன் வாய் மூடறதே இல்லையாம். ஒயர் இல்லாத செட்டு வாங்கினதே அதுக்குத்தான்னு முன்னாடியே சொன்னாரு.”

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. இதைப் பொய்யாகச் சொல்ல எவனாலும் முடியாது என்று விஜயராகவனே விட்டுக்கொடுத்துவிட்டான். பாடு திரும்பி வந்தது. நான் சண்டை போட்டு, நானே போன் போட்டு, எனக்கு இல்லாத பாடு ஒன்றை மீட்டிருக்கிறேன். சொல்லிவிடுகிறேன், எனக்கு நெஞ்சு வலித்தது. வழக்கமாக மூக்குக்கு மேலே வருகிற கோபம்கூட வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புத்தியில் பட்டது. இந்த வார்த்தை என் காதில் விழக்கூடாது என்றுதானே பாடு போனால் போகட்டும் என்றான் அந்தப் பாவி.

கூட்டு யார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடு என்றார் தலைவர். சடையன் என்னைப் பார்த்தான்.

“மாமாவே வரட்டும். ஆனா படகுல பேசக் கூடாது. கூட்டத்துல சொல்லச் சொல்லுங்க.”

அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பேசல என்றேன்.

பாடு நன்றாகத்தான் போகிறது. முதல் நாள் படகில் நாக்கைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சடையன் டப்பாவைத் திறக்கவே இல்லை. சும்மா வந்தவன், கரையோரக் கழுவெளிச் சேற்றைத் தாண்டியதும் மெல்லப் பேச ஆரம்பித்தான். தண்ணீரில் இறங்க அவனுக்கு இன்னமும் உள்ளுக்குள் பயமாம். கலைவாணியிடம் சண்டை போட்டுவிட்டால் சோறு இறங்காதாம். மகள் சத்யாவை நினைத்தால் தூக்கம் வருவதில்லையாம். இத்தனை வருஷம் ஒரே படகில் போகிறோம், இதெல்லாம் இவனிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும், நான் இடம் விட்டால்தானே?

நேற்று வலையைத் தூக்கிக்கொண்டே கேட்டான்.

“சத்யா மெட்ராஸ்ல ஆஸ்டல்ல தங்கிப் படிக்கணும்ன்றா மாமா. பயமா இருக்குது. அனுப்பலாமா?”

இதைப் பற்றிச் சொல்ல என்னிடம் கரை சேருகிற வரைக்கும் விஷயம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அனுப்பு என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது.